வீரபாகுவுக்கு ஊட்டிய கை

வீரபாகுவுக்குக் கை கால் விழுந்துவிட்டது என்று தெருவில் சேதி பரவிய அன்று, பானுப்ரியா பாயசம் வைத்தாள்.

சேமியாப் பாயசம். முந்திரியைக் கஞ்சத்தனம் இல்லாமல் நெய்யில் வறுத்துப் போட்டாள். வாசனை பிடித்துப் பக்கத்து வீட்டுக் கற்பகம் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி விசேஷம்?"

"ஒண்ணுமில்லக்கா. மனசுக்கு நல்லா கீது."

கற்பகத்துக்குப் புரிந்துபோயிற்று. "பாவம்டி அந்த மனுசன். ஒரு பக்கம் அப்படியே விழுந்துட்சாம். வாயி கோணிகினு பேச்சே வரலியாம்."

"கோணட்டும்."

"ஐயோ, அப்படிச் சொல்லாதடி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்ட கற்பகம், அதே கையால் டம்ளரை நீட்டினாள். "இன்னும் கொஞ்சம் ஊத்து."

ஒரு மனிதன் வீழ்ந்ததற்கு ஒரு பெண் பாயசம் வைத்துக் கொண்டாடுவாளா? கல்நெஞ்சக்காரி என்று அவளைத் திட்டுவதற்கு முன், 1995-ம் வருடம் ஆரணி ஊரின் அதே தெருவில் விடிந்த ஒரு காலையைப் பார்த்துவிட வேண்டும்.

அப்போது பானுப்ரியா ஆறாம் வகுப்பு. அப்பா மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அவர் போன துக்கத்தில் அம்மா அபிதகுசாம்பாளின் புத்தி பிசகிவிட்டது. சுவரோடு பேசுவாள். சிரிப்பாள். கதவு திறந்திருந்தால் கால் போன போக்கில் போய்விடுவாள். அந்தக் குழந்தைதான் தாய்க்குப் பல் துலக்கி விட்டது. தலை வாரி, சோறு ஊட்டி, "அக்கா, கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று கற்பகத்திடம் கெஞ்சிவிட்டுப் பள்ளிக்கு ஓடியது. மத்தியான மணி அடித்ததும் அதே ஓட்டமாக வீட்டுக்கு வந்து, அம்மா இருக்கிறாளா என்று பார்த்த பிறகுதான் மூச்சு விட்டது.

வீரபாகு அந்தத் தெருவின் பெரிய கை. நிறைய தறிகள், நிறைய ஆட்கள். அவர் சொன்னால் சொன்னதுதான். அன்று விடியற்காலை அவர் வீட்டுப் பட்டுப் பாவு, அதாவது நெசவுக்கான நீள இழைகள், தெரு நீளத்துக்கு விரிந்திருந்தது. தறியில் ஏற்றும் முன் இழை இழையாகச் சரிபார்த்துச் சுற்ற வேண்டும் அல்லவா? வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை. தெருவே இரண்டு பக்கமும் நின்று கை கொடுத்தது.

கல்யாணச் சிவப்பு. சின்ன வெளிச்சத்திலும் அது தகதகத்தது. கொல்லைப்பக்கம் குளித்துக்கொண்டிருந்த மகளுக்குத் தெரியாமல் வாசலுக்கு வந்த அபிதகுசாம்பாள், அந்தச் சிவப்பைப் பார்த்தாள். தன் கல்யாணப் புடவை என்று நினைத்தாளோ என்னவோ! ஓடிப்போய் இரண்டு கைகளாலும் வாரி மார்போடு அணைத்துக்கொண்டாள். இழைகள் அறுந்து சிக்கிக்கொண்டன.

வீரபாகு ஓங்கி அறைந்தார். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. மறுபடி அறைந்தார்.

ஈரத் தலையோடு ஓடி வந்தாள் பானுப்ரியா. "பெரியப்பா, அடிக்காதீங்க பெரியப்பா! அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது!"

"தெரியாதவள எதுக்குத் தெருவுல வுட்ட? நீ இன்னா பண்ணிகினு இருந்த?"

"ஸ்கூலுக்குக் கெளம்பிகினு..."

"ஸ்கூலு! பைத்தியத்த அவுத்து வுட்டுட்டு ஒனுக்கு ஸ்கூலு ஒரு கேடா? இன்னிலேர்ந்து வூட்லயே குந்தி ஒங்கம்மாவ காவல் கா. இல்லாங்காட்டி ரெண்டு பேரும் தெருவ காலி பண்ணுங்க!"

குழந்தை திரும்பித் தெருவைப் பார்த்தது. யாராவது ஒருவர் வாய் திறக்க மாட்டார்களா? எல்லோருடைய கைகளும் பாவைப் பிடித்துக்கொண்டிருந்தன. ஒரு கைகூட அதை விட்டுவிட்டு வரவில்லை. கற்பகத்தின் கையும்தான்.

அம்மாவை வீட்டுக்குள் இழுத்துப் போய் உதட்டு ரத்தத்தைத் துடைத்தபோது அந்தப் பிஞ்சு மனம் ஒரு சபதம் எடுத்தது. இந்த ஆள் ஒரு நாள் எங்கம்மா எதிரில் கதியில்லாமல் கிடக்க வேண்டும். அதை நான் நின்று பார்க்க வேண்டும்.

பள்ளிப் பை பரணுக்குப் போயிற்று. அப்பாவின் தறியில் உட்கார்ந்து, தப்புத் தப்பாக நெய்து, பிறகு சரியாக நெய்யக் கற்றாள். மாதம் தவறாமல் வேலூர் பஸ் ஏறி அம்மாவுக்கு மாத்திரை வாங்கி வந்தாள். வருடங்கள் ஓட ஓட அபிதகுசாம்பாள் அடங்கினாள். ரசம் வைப்பாள், கோலம் போடுவாள், கேட்டதற்கு மெதுவாகப் பதில் சொல்வாள். அந்தக் காலையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசியதில்லை. மறந்துவிட்டாள் என்றே மகள் நினைத்தாள். மறக்காத மகளோ, காலையில் பள்ளிப் பிள்ளைகள் போகிற நேரத்தில் தெருக் கதவைச் சாத்திவிடுவாள்.

இப்போது சொல்லுங்கள், அந்தப் பாயசம் தப்பா?

பாயசத்தோடு அவள் நிற்கவில்லை. தினமும் வேண்டுமென்றே வீரபாகு வீட்டு வழியாகப் போனாள். முன் அறைக் கட்டிலில் அவர் கிடப்பதை ஜன்னல் வழியே ஆசை தீரப் பார்த்தாள். மகன் முருகேசன் காலையிலேயே கம்பெனி பஸ்ஸில் செய்யார் பேக்டரிக்குப் போய்விடுவான். அவன் மனைவி இறந்து வருடங்கள் ஆகிவிட்டன. கிழவரின் எச்சிலைத் துடைத்து, கஞ்சி ஊட்டி, துணி மாற்றுவதெல்லாம் பேத்தி சுகன்யா. ஆறாம் வகுப்புப் பிள்ளை.

'பார்த்தாயா வீரபாகு? நீ சொன்ன தீர்ப்பு உன் வீட்டுக்கே வந்துவிட்டது!' பானுப்ரியாவின் நெஞ்சு இனித்தது.

அந்த இனிப்பு தெருக் குழாயடியில் கசந்தது.

சுகன்யா தாத்தாவின் வேட்டியை அலசிக்கொண்டிருந்தாள். சீருடைப் பிள்ளைகள் சிரித்தபடி அந்தப் பக்கம் வந்தார்கள். சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள் சுகன்யா. அவர்கள் சத்தம் தேய்ந்த பிறகுதான் திரும்பினாள்.

பானுப்ரியாவுக்கு யாரோ தன் கதவைச் சாத்தியது போலிருந்தது.

"ஏன்டி ஸ்கூலுக்குப் போவல?"

"தாத்தாவ யாருக்கா பாப்பாங்க? பொம்பளப் புள்ளதான, வூட்ல இருந்து பாத்துகினு கெடக்கட்டும்னு தெருவுல எல்லாரும் சொல்லிட்டாங்க. அப்பாவும் சரின்ட்டாரு." வேட்டியைப் பிழிந்தாள். "திங்கக்கெழமைக்குள்ள வரலன்னா பேர எடுத்துடுவோம்னு டீச்சர் சொல்லி அனுப்பிச்சாங்க."

அன்று பானுப்ரியாவால் சாப்பிட முடியவில்லை. இரக்கத்தால் அல்ல, ஆத்திரத்தால்! அன்று வீரபாகு கத்திச் சொன்ன தீர்ப்பை இன்று தெருவே முணுமுணுக்கிறது. பேச்சே இல்லாமல் படுத்துக்கொண்டு அந்த மனிதன் இரண்டாவது தடவை ஜெயிக்கிறான். விடலாமா?

முருகேசன் பஸ் இறங்கி வரும்போது வழி மறித்தாள்.

"பகல்ல ஒங்கப்பாவ பாத்துக்க ஆள் அனுப்புறேன். பொண்ண ஸ்கூலுக்கு அனுப்பு."

"யாரும்மா வருவாங்க? எவ்ளோ பேரக் கேட்டுட்டேன். ஒரே பேஜாரா கீது."

"எங்கம்மா."

முருகேசன் முகம் செத்துப்போயிற்று. அந்தக் காலையில் பாவின் மறுமுனையைப் பிடித்திருந்த இளைஞன் அவன்தான். "எப்படிம்மா... எங்கப்பா அவங்கள..."

"தெரியும் இல்ல? அதான் அனுப்புறேன். எங்கம்மா கையால திங்கட்டும். வேணும்னா சொல்லு, வேணாம்னா ஒம் பொண்ண கட்டில் காலுல கட்டிப் போடு."

அவன் தலையைக் குனிந்துகொண்டு, "திங்கக்கெழமையே வரச் சொல்லும்மா" என்றான்.

திங்கட்கிழமை காலை. சீருடையும் பையுமாக வாசற்படியில் சுகன்யா. கட்டில் அருகே கஞ்சிக் கிண்ணத்தோடு அபிதகுசாம்பாள். கதவோரம், வாழ்நாளெல்லாம் காத்திருந்த காட்சியைக் காணப் பானுப்ரியா.

வீரபாகு அந்த முகத்தைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது. வாயை இறுக மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார். கரண்டி நீண்டது. அவர் அசையவில்லை.

"தாத்தா, ரெண்டு வாய் குடிங்க தாத்தா" என்றாள் சுகன்யா. அவள் மெல்லப் பையைத் தோளிலிருந்து கழற்றினாள். "நானே ஊட்டுறேன்க்கா. நீங்க வூட்டுக்குப் போங்க."

பானுப்ரியா பாய்ந்து வந்து கட்டிலருகே குனிந்தாள். "திரும்பிப் பாருய்யா! ஒம் பேத்தி பைய எறக்குறா. நீ பட்டினி கெடந்து செத்தாலும் எனக்குக் கவல இல்ல. ஆனா அன்னிக்கு எனக்குச் சொன்னியே, ஸ்கூலு ஒனுக்கு ஒரு கேடான்னு... அத இவகிட்ட ஒரு தபா சொல்லு. ஒன் வாயால சொல்லு, கேக்குறேன்!"

கிழவர் திரும்பினார். பையைக் கையில் பிடித்து நிற்கும் பேத்தியைப் பார்த்தார். கோணிய வாய் நடுங்கியது. அசையும் ஒரு கண்ணிலிருந்து நீர் இறங்கிக் காதுக்குள் போயிற்று.

அபிதகுசாம்பாள் கஞ்சியை ஊதிக்கொண்டே சொன்னாள். "இவரு வீரபாகு அண்ணன். என்ன அடிச்சாரு. ரெண்டு தபா." பிறகு கரண்டியை நீட்டினாள். "சூடு ஆறிட்சி. ஆ காட்டுங்கண்ணா."

வீரபாகு வாயைத் திறந்தார்.

"நீ கெளம்புடி! மணி அடிச்சிடப் போறாங்க. ஜல்தி!" என்று சுகன்யாவை விரட்டிவிட்டுப் பானுப்ரியா அங்கேயே நின்றாள். ஒவ்வொரு வாயையும் பார்த்தாள். அம்மாவுக்கு எல்லாமே நினைவிருந்திருக்கிறது என்பது அவள் நெஞ்சை அறுத்தது. ஆனாலும் பார்வையை எடுக்கவில்லை.

தெரு அவளைத் தெய்வம் என்றது. கற்பகம்கூட, "உன்ன மாதிரி மனசு யாருக்கும்மா வரும்!" என்று உருகினாள். பானுப்ரியாவுக்கு எரிச்சல்தான் வந்தது. அவள் மன்னிக்கவில்லை. தினமும் தறியை நிறுத்திவிட்டுப் போய், அந்த மனிதர் தன் தாயின் கைக்கு வாய் திறப்பதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினாள்.

ஒரு மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு ஓடி வந்த சுகன்யா அதைக் கவனித்துவிட்டாள்.

"ஏன்க்கா தாத்தா துன்றத அப்படியே மொறச்சிப் பாக்குறீங்க?"

"ஒங்க தாத்தாவ பழி வாங்கிகினு கீறேன்டி."

சுகன்யா கொஞ்சம் யோசித்தாள். "சரிக்கா, வாங்குங்க" என்றாள். "ஞாயித்துக்கெழமையும் வாங்குங்கக்கா. எனக்கு இங்கிலீஷ் டியூசன் கீது."

அந்த ஞாயிற்றுக்கிழமையும் பானுப்ரியா அம்மாவை அழைத்துக்கொண்டு போனாள்.