தனியப் பாட விடாத ஊர்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். நாலு நான் பெற்றது, இரண்டு செத்துப்போன என் தங்கச்சி பெற்றது. ஒருத்தரையும் அயலாரிடம் கையேந்த விடவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத்து மெதுவாகத்தான் வரும். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கோ.

கடைசி மகன் இங்கே சுவிஸில், பீல் நகரத்தில், மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் நல்ல வேலையில் இருந்தான். பிறகு ஒரு தமிழ்ச் சபையில் சேர்ந்து, ஞானஸ்நானம் எடுத்து, ஆபிரிக்காவில் ஒரு கிராமத்துக்கு ஊழியம் செய்யப் போனான். கலியாணமும் கட்டவில்லை. நான் நீறு பூசுகிறவள். அவன் சாமி மாறினது எனக்குப் பெரிய துக்கமில்லை. தூரம்தான் துக்கம்.

வருவான் வருவான் என்று பார்த்துக் களைத்து, போன மாரிக் குளிருக்குள் நானே போனேன், அவனைக் கூட்டிக்கொண்டு வர. அவனுக்கும் சேர்த்து டிக்கெட் போட்டிருந்தேன். மூத்த மகளின் பிள்ளை துணைக்கு வந்தாள். அங்கேயும் பிரெஞ்சு கதைக்கிறார்கள். பீலில் வளர்ந்தவளுக்கு அது தண்ணி பட்ட பாடு.

மகன் எலும்பும் தோலுமாக நின்றான். "ஞாயிற்றுக்கிழமை பாருங்கோ அம்மா, இருக்க இடம் கிடையாது" என்றான். உண்மைதான். தகரக் கூரைக்குக் கீழே ஊரே வந்து பாடியது. அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

பூசை முடிய, பக்கத்து வீட்டு மனுசி அவனுக்குக் களி கொண்டுவந்தாள். என் வயது இருக்கும். நாளுக்கு ஒரு வீடு என்று முறை வைத்துக் கொடுக்கிறார்களாம். மழையோ பொய்த்துப் போயிருந்தது. நான் அவளோடு அவள் வீட்டுக்குப் போனேன். பானையை வழித்தால் ஒரு பிள்ளைக்குக் காணும். மூன்று பிள்ளைகள் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

பேத்தியைக் கொண்டு கேட்டேன்: "என்ரை மகன்ரை சாமியிலை உங்களுக்கு அவ்வளவு பக்தியோ?"

மனுசி சிரித்தாள். "எங்களுக்கு எங்கடை சாமி இருக்கு. உன்ரை மகன் தாய் தகப்பனை விட்டுட்டுத் தூரத்திலை இருந்து வந்தவன். வந்த பிள்ளையைத் தனியப் பாட விடலாமோ? ஊருக்கல்லோ வெக்கம்." பிறகு என் கையைப் பிடித்தாள். "நீ வந்திட்டாய். கூட்டிக்கொண்டு போ. எங்களாலை இனி ஏலாது."

பேத்தி தமிழில் சொல்லி முடிக்க முதல் அழுதிட்டாள். நான் அழவில்லை.

அன்று பின்னேரம் மகனிடம் கேட்டேன். "தம்பி, உன்னை விருந்தாளியாத்தான் வைச்சிருக்கினம். எவ்வளவு நாளைக்கு?"

"தெரியும் அம்மா."

"தெரிஞ்சுகொண்டோ இருக்கிறாய்?"

"வந்த வருசமே தெரியும்." நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். "பீலிலை எத்தினை வருசம் இருந்தன். சாப்பிட்டியோ எண்டு வாசல்லை வந்து கேட்டது ஆர்?"

"நான் கேக்கேல்லையோடா?"

"நீங்கள் வேலைக்குப் போயிடுவியள் அம்மா."

விடிய ஆஸ்பத்திரித் துப்புரவு, பின்னேரம் ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவல். அந்தக் கையால்தான் ஆறு பேரும் ஆளானது.

விமானத்தில் எனக்கு ஒரு பக்கம் பேத்தி, மற்றப் பக்கம் அவனுக்குப் போட்ட இருக்கை காலியாக வந்தது.

இப்போது அங்கே கிணறும் வற்றிப்போச்சாம். சனம் ஆற்றங்கரைப் பக்கம் எழும்பிப் போகுது. அந்த மனுசியும் போயிட்டாள். போக முதல் அவனையும் வரச்சொல்லிக் கூப்பிட்டாளாம். ஆராவது திரும்பி வந்தால் கோயில் பூட்டிக் கிடக்கக்கூடாது என்று நின்றுவிட்டான். ஞாயிற்றுக்கிழமையில் தானே மணியடித்துத் தானே பாடுகிறான். இதெல்லாம் பேத்திக்குச் சொன்னது. எனக்கு, "எல்லாம் நல்லா நடக்குது அம்மா" என்கிறான்.

அவன் வரமாட்டான். என் கண் மூடுகிறதுக்குள் வரமாட்டான். என்றாலும் இதை அவனுக்கும் அனுப்பத்தான் போகிறேன்.

பேத்திப் பிள்ளை, இங்கை என்ரை பக்கத்திலை வந்து இரு. இதை எனக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டு, ஆறுதலா. எங்கையாவது நான் கெஞ்சின மாதிரி இருந்தால் அந்த இடத்தை வெட்டிவிடு.