பூஜையில் எரிந்த ஹேண்ட்புக்

‘ஹேண்ட்புக்’ என்பது ஆங்கிலேயர்கள் ஒருமுறை தொலைத்துவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்ட சொல். போன வாரம்தான் உறுதியானது. தகவல் தந்தவள் மணியம் அண்ணனின் மகள்; ஜெர்மனியில் வேலை பார்க்கிறாள். பழைய ஆங்கிலத்தில் ‘ஹாண்ட்போக்’ இருந்ததாம். ‘மேனுவல்’ வந்து அதைத் தள்ளிவிட்டது. பல நூற்றாண்டு கழித்து, ஜெர்மானியரின் ‘ஹான்ட்பூஹ்’ பார்த்து மறுபடி சேர்த்துக்கொண்டார்களாம். அகராதிப் பக்கத்தையே படமெடுத்து அனுப்பியிருந்தாள்.

பார்த்ததும் எனக்குக் கருகிய காகித வாசனைதான் வந்தது...

எண்பதுகளில் ஓர் ஆயுத பூஜை. மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலை. மணியம் அண்ணன் அங்கே இயந்திரங்களைப் பொருத்திப் பழுதுபார்க்கும் ஃபிட்டர். வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம் இருந்தது. ஸ்பேனர், சுத்தியலோடு புது ஜெர்மன் டர்பைனின் ஆங்கிலக் கையேட்டையும் படையலில் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டார். கற்பூரத் தட்டு சரிந்தது. பாதிப் புத்தகம் சாம்பல்.

திங்கட்கிழமை டர்பைனை ஓட்டியாக வேண்டும். மிச்சமிருந்தது ஜெர்மன் பிரதி மட்டும். ஞாயிறு காலை அதைத் தூக்கிக்கொண்டு என் வாடகை அறைக்கு வந்தார். நான் அப்போது புது நிருபர். சொற்களின் வேரையும் சொல்லும் ஆங்கில அகராதி ஒன்று என்னிடம் இருந்தது.

“தம்பி, வால்வெல்லாம் எனக்குத் தெரியும். எது முன்ன, எது பின்னன்னுதான் தெரியல லா. மேனேஜருக்குத் தெரிஞ்சா நான் காலி!”

அட்டையிலிருந்தே தொடங்கினோம். ஹான்ட், ஹேண்ட். பூஹ், புக். ஒரே வேர் என்றது அகராதி.

“அட, ரெண்டும் பங்காளி வூடா!”

அப்புறம் வேகம் பிடித்தது. ‘வாஸர்’, வாட்டர். ‘கூல்’, அப்படியே கூல். ‘ஓஃப்னன்’, ஓப்பன். முதலில் குளிர்நீரைத் திற! அவர் சாக்பீஸால் என் தரையில் வால்வுகளை வரைந்து எண் போட்டார். அகராதி கைவிட்ட இடங்களில், டர்பைனை நிறுவ வந்த ஜெர்மன் இன்ஜினியர் ஓட்டிக் காட்டியதை நினைவிலிருந்து எடுத்தார்.

மறுநாள் டர்பைன் ஓடியது. மேனேஜர் வந்து அவர் கையிலிருந்த ஜெர்மன் பிரதியைப் பார்த்தார்.

“என்னா மணியம், ஜெர்மன் படிக்கிறியா? இங்கிலீஷ் புக்கு எங்க?”

“சாமிகிட்ட இருக்கு சார்.”

பொய்யில்லை. அடுத்த மாதம் வேலை நிரந்தரமானது.

இன்று கைப்பேசியை நீட்டினால் ஒரு நொடியில் மொழிபெயர்த்துவிடும். எங்களுக்கு ஒரு ஞாயிறும் ஆறு கிளாஸ் கோப்பியும் ஆயின. குறையொன்றுமில்லை...

ஒன்று மட்டும் பாக்கி. ‘புக்’ என்ற சொல்லே ‘பீச்’ என்ற ஐரோப்பிய மரத்தின் பெயரிலிருந்து வந்ததா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லையாம். விசாரித்துக்கொண்டு தீபாவளிக்கு வருகிறேன் என்கிறாள் அண்ணன் மகள். கருகிய புத்தகத்தையும் கேட்டிருக்கிறாள்.

அண்ணன் இன்னும் சரி சொல்லவில்லை. அது இப்போதும் அவர் வீட்டுச் சாமி மேடையில்தான் இருக்கிறது.