மடிப்பின் லைசென்ஸ்

சக்கரம் வைத்த பெட்டியைக் கண்டுபிடித்தவன் நாசமாகப் போக. எங்கள் வீட்டு மாடிப்படி இருபத்தொன்று. ஒவ்வொரு படியிலும் அந்தப் பெட்டி டக் டக்கென்று இடிக்கும்போது, கீழ்வீட்டில் என் பின்மண்டையில் இடிக்கும். இழுத்துக்கொண்டு போகிறவன் யார், எந்த ஊர், எத்தனை நாள் தங்குவான், எதுவும் எனக்குத் தெரியாது. தெரிந்தவள் மாடியில் இருந்தாள். என் ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி.

நான்கு வருடமாக எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. அதற்கு முன்னால் மட்டும் கொஞ்சிக் குலாவினோமா என்றால் அதுவும் இல்லை. அப்போதெல்லாம் சண்டைக்குக் காரணம் தேட வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

பெரிய ஹோட்டல் ஒன்றில் பதினெட்டு வருடம் அறை சுத்தம் செய்தவள். கட்டில் விரிப்பை நான்கு மூலையிலும் சுருக்கமே தெரியாமல் மடித்துச் செருகுவாள். துண்டு, காகிதப் பை, பழைய செய்தித்தாள், கையில் எது கிடைத்தாலும் மடித்துவிட்டுத்தான் மறுவேலை. நான் அவளுக்கு வைத்த பெயர் மடிப்பு. கொழுந்தன் போய்ச் சேர்ந்தான்; இவளுக்கு முழங்கால் தேய்ந்தது; வேலையும் போயிற்று. மகளை வெளியூரில் நர்ஸ் படிக்க வைக்க வேண்டியிருந்தது. மாடியில் இரண்டு அறை, ஓர் அடுப்படி. அறைகளை நாள் வாடகைக்கு விட்டுவிட்டு, அடுப்படியில் மடக்குக் கட்டில் போட்டுப் படுத்துக்கொண்டாள். மகள் படித்தது அந்த வாடகையில்தான்.

நியாயமாகப் பார்த்தால் நான் பாராட்டியிருக்க வேண்டும். பாராட்டவில்லை. காலையில் கதவைத் திறந்தால் அரைக்கால் சட்டையோடு எவனாவது படியில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருப்பான். என் வீட்டு வாசலில் நான் அவனிடம் வழி கேட்டு நகர வேண்டும். மத்தியானம் கொஞ்சம் கண் அசந்தால் என் மணியை அழுத்தி மாடிச் சாவி கேட்பார்கள். என் வீட்டுக்காரர் காது மிஷினைக் கழற்றி வைத்துவிட்டுப் பேப்பர் படிப்பார். கொடுத்து வைத்த மனுஷன். நான் நகராட்சிக்கு மூன்று முறை புகார் எழுதினேன்.

என் ஒருத்தி புகாரால் என்று சொல்ல மாட்டேன், ஊர் முழுக்க இதே கூத்து. நகராட்சி புதிதாக விதி போட்டது. நாள் வாடகைக்கு விட லைசென்ஸ் வேண்டும். வாசலில் அதன் எண் தொங்க வேண்டும். தீயணைக்கும் உருளை, தங்குகிறவர்களின் பதிவேடு எல்லாம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாடகைக்கு விடுகிற அதே தளத்தில் வீட்டுச் சொந்தக்காரர் குடியிருக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் நேரில் வந்து பார்ப்பார். அவர் மறுத்து எழுதிவிட்டால் ஒரு வருடத்துக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது. மகளுக்கோ படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் பாக்கி; அது அம்போ.

மடிப்பு இரண்டு மாதம் அந்த ஆபீசுக்கு நடையாய் நடந்தாள். இன்ஸ்பெக்டர் வருகிற அன்று காலை, ஒரு டிரங்குப் பெட்டியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, இது மத்தியானம் வரைக்கும் உங்க ரூம்ல இருக்கட்டும். கட்டிலையும் கொண்டாந்து வச்சிடறேன்."

"எதுக்குடி?"

"இன்ஸ்பெக்டர் வர்றாருல்ல. என் சாமானெல்லாம் அங்க இறைஞ்சு கிடந்தா நல்லாவா இருக்கும்? ஹோட்டல்ல செக்கிங் வந்தா எங்க சீப்பு, செருப்பு எதுவும் கண்ணுல படக் கூடாது. பட்டுச்சு, அவ்ளோதான், மெமோ."

எனக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. விதியை அவளைவிட நான் நன்றாகப் படித்திருந்தேன். அடி அசடே, நீ அங்கே இருக்கிறாயா என்று பார்க்கத்தானே அவர் வருகிறார், உன்னையே துடைத்து எடுத்துவிட்டு எதைக் காட்டப் போகிறாய் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வாய் வார்த்தை. நான் சொல்லவில்லை.

"வச்சிட்டுப் போ" என்றேன்.

பதினோரு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். வேடிக்கை பார்க்க நானும் பின்னாலேயே ஏறினேன். அறைகள் பளபளவென்று இருந்தன. அவர் உருளையைப் பார்த்தார், பதிவேட்டைப் புரட்டினார், தலையாட்டினார். கடைசியாக அடுப்படிக்கு வந்தார். அங்கே அவள் தண்ணீர் குடிக்கிற டம்ளர்கூட இல்லை.

"நீங்க எங்கம்மா தூங்குவீங்க?"

"இங்கதான் சார்."

"எதுல?"

"கட்டில் இருக்கு சார். கீழ வச்சிருக்கேன்."

"துணிமணி?"

"அதுவும் கீழதான்..." சொல்லும்போதே அவள் முகம் வெளிறியது. "இன்னைக்குக் காலையிலதான் சார் இறக்கினேன். நீங்க வர்றீங்கன்னு சுத்தமா..."

"எல்லாரும் ஏதோ ஒண்ணு சொல்றாங்கம்மா. நேத்து ஒரு வீட்ல குடியிருக்கேன்னு காட்ட டூத் பிரஷ் வாங்கி வச்சிருந்தாரு ஒருத்தரு. கவர்கூடப் பிரிக்கல." அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க கீழ்வீடுதானே? சொல்லுங்க, இவங்க மாடியில குடியிருக்காங்களா இல்லியா?"

மடிப்பு என்னைப் பார்த்தாள்.

"பெட்டி, கட்டில் எல்லாம் என் வீட்லதான் இருக்கு. வேணும்னா வந்து பாருங்க" என்றேன்.

அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. அவர் வந்து பார்த்தார், எழுதிக்கொண்டு போனார். பத்தாம் நாள் கடிதம் வந்தது. விண்ணப்பதாரர் தரைத்தளத்தில் வசிப்பதால் லைசென்ஸ் மறுக்கப்படுகிறது.

படிக்கட்டு அமைதியானது. அந்த அமைதியை நான் முழுசாக ஒரு மாதம்கூட அனுபவிக்கவில்லை. மடிப்பு மாடி முழுவதையும் வருட வாடகைக்கு ஒரு குடும்பத்துக்கு விட்டாள். அதற்கு லைசென்ஸ் தேவையில்லை. விட்டுவிட்டுக் கீழே இறங்கி வந்தாள். என் வீட்டுப் பின்னறை பத்திரப்படி கொழுந்தன் பங்கு. நான் தட்டுமுட்டுச் சாமான் போட்டு அனுபவித்துக்கொண்டிருந்த அறையை அவள் இரண்டே மணி நேரத்தில் ஒழித்து, கட்டிலைப் போட்டுவிட்டாள். வருட வாடகை பழைய வரும்படியில் பாதிக்குக்கூடக் காணாது. மகள் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு மருந்துக் கடையில் நிற்கிறாள்.

சண்டைக்கு வருவாள் என்று காத்திருந்தேன். வரவில்லை. கொடியில் காய்ந்த என் துணிகளையும் சேர்த்து எடுத்துவந்து மடித்து வைத்தாள். ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். என்னால் பொறுக்க முடியவில்லை.

"கேக்கறதுன்னா நேராக் கேட்டுடு. மனசுல வச்சிக்கிட்டு என் துணியை மடிக்காத."

அவள் என் ஜாக்கெட்டின் கையை உள்பக்கம் மடித்து நீவினாள்.

"என்னத்தக்கா கேக்கறது? அன்னைக்கு அவரு உங்ககிட்ட திரும்பினாருல்ல, அப்பதான் எனக்குப் போன உயிரு திரும்பி வந்துச்சு. அக்கா இருக்காங்க, சொல்லிடுவாங்க, தப்பிச்சோம்னு நினைச்சேன்."

துணியை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அவள் திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அதற்குத்தான் ஒரு வாரமாகத் தயாராக இருந்தேன்.