அப்டேட்டில் தொலைந்த குரல்

போன வாரத்துக்கு முந்தின வாரம், புதன்கிழமை காலையில், என் கணவருக்கு இரண்டாவது முறையாகப் பேச்சு நின்றுபோனது.

முதல் முறை நின்றது மூன்று வருடங்களுக்கு முன்னால். தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை எடுத்தால்தான் ஆள் பிழைப்பார் என்றார்கள். எடுத்தார்கள், பிழைத்தார். தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையின் பட்டுப் பிரிவில் வேலை பார்த்தவர். புடவையை விரித்துப் போட்டு, பேசிப் பேசியே விற்ற மனிதர். அந்த வாய் அசையும், சத்தம் வராது. இதற்குப் பழக எனக்கே ஒரு வருடம் பிடித்தது. அவருக்கு எவ்வளவு பிடித்தது என்று நான் கேட்டதில்லை.

கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்று இருக்கிறது. கதிர்வீச்சில் இவர் கழுத்து இறுகிப்போனதால் அது ஒத்துவரவில்லை. கடைசியில் கைகொடுத்தது எங்கள் மகள் நித்யாவின் பழைய லேப்டாப். அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டு, தமிழில் தட்டினால் தமிழிலேயே வாசிக்கும் ஒரு குரலையும் சேர்த்துக் கொடுத்தாள். எல்லாம் இலவசம். ஆண் குரல்தான், ஆனால் ஏற்ற இறக்கம் கிடையாது. இவர் திருநெல்வேலிக்காரர், பேசுகிற மாதிரியேதான் தட்டுவார். "ஏளா, காப்பி என்னாச்சு?" என்று அந்த இயந்திரம் ஒரே சுருதியில் கேட்கும்போது ஆரம்பத்தில் எனக்குச் சிரிப்பு வரும். பிறகு அது அவருடைய குரலாகவே ஆகிவிட்டது. மயிலாப்பூரில் எங்கள் ஃபிளாட்ஸில் எல்லோருக்கும் அது 'சண்முகம் சார் குரல்'.

போனிலேயே இதெல்லாம் வருமே என்று கேட்பீர்கள். வரும். இவர் போனில் வந்தது ஒரு பெண்ணின் குரல். கஸ்டமர் கேரில் பேசுமே, அந்த மாதிரி. ஒரு தடவை அதில் பேசிப் பார்த்துவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தார். அதோடு சரி.

அந்தப் புதன்கிழமை காலையில் நான் காப்பியோடு போனபோது, இவர் லேப்டாப்பில் ஒரே பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார். அப்டேட் செய்யட்டுமா என்று திரையில் ஒரு பெட்டி பல நாளாக நச்சரித்துக்கொண்டிருந்திருக்கிறது. சரி என்று அழுத்தியிருக்கிறார். அதில் என்ன தப்பு? நீங்களும் நானும் அழுத்தாததா? லேப்டாப் அணைந்து, மறுபடி உயிர் பெற்று வந்தது. குரல் மட்டும் வரவில்லை.

வேறொரு வாரமாக இருந்திருந்தால் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் இவர் ஆஸ்பத்திரிக்குப் போவதாக ஒப்புக்கொண்டிருந்தார். அங்கே ஏழுமலை என்று ஒருவர். மாநகரப் பேருந்தில் கண்டக்டர். இவருக்கு வந்த அதே நோய். திங்கட்கிழமை ஆபரேஷன். ஆனால் 'பேச்சே போயிடும்னா எனக்கு ஆபரேஷனே வேணாம், வீட்டுக்கே போறேன்' என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தார். டாக்டர்கள் சொல்லியாயிற்று, மனைவி அழுதாயிற்று. கடைசியில் ஆஸ்பத்திரியின் ஸ்பீச் தெரபிஸ்ட் எங்களைக் கூப்பிட்டார். சண்முகம் சார் ஒரு தடவை வந்து அவரிடம் பேச முடியுமா? பேசிக் காட்டினால் போதும், என்றார்.

பேசிக் காட்ட வேண்டியவரிடம்தான் இப்போது பேச்சில்லை.

பெங்களூரில் இருக்கும் நித்யாவுக்குப் போன் போட்டேன். அந்தக் குரலைத் தானும் வேறு ஒருவர் உதவியோடுதான் போட்டது, சனிக்கிழமைக்கு முன்னால் தன்னால் வரவும் முடியாது என்றாள். லினக்ஸ் பயன்படுத்துகிறவர்கள் சென்னையில் ஒரு குழு வைத்திருக்கிறார்களாம். போனிலேயே அந்தக் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டாள். கேளும்மா, யாராவது சொல்லுவாங்க, என்றாள்.

கேட்டேன். லேப்டாப் திரையை நாலைந்து படம் எடுத்துப் போட்டு, கணவருக்கு இதுதான் குரல், உதவுங்கள் என்று எழுதினேன்.

அடேயப்பா! அரை மணியில் எத்தனை பேர்! கொட்டிவாக்கத்தில் இருந்து ஒருவர், வேளச்சேரியில் இருந்து ஒருவர், எந்த ஊர் என்றே தெரியாத இன்னும் பலர். ஒருவர் ஒரு வழி சொன்னால், அந்த வழி தப்பு என்று சொல்ல மூன்று பேர் வந்தார்கள். நீங்கள் வைத்திருக்கும் லினக்ஸே சரியில்லை, வேறு வகைக்கு மாறிவிடுங்கள் என்றார் ஒருவர். அது சரியா, இது சரியா என்று அவர்களுக்குள் ஒரு சண்டை கிளம்பி, அதில் நானும் என் கணவரும் காணாமல் போனோம்.

இதற்கிடையில் எனக்கு இன்னொரு பயம். இவருக்குக் கழுத்தில் உள்ள துளை வழியாகத்தான் மூச்சு. அதில் சளி அடைத்துக்கொண்டால் உடனே ஓட வேண்டும். அவசரத்துக்கு ஒரு பட்டனை அழுத்தினால் 'ஏளா, வா' என்று சத்தமாகக் கூப்பிடும்படி நித்யா செய்து வைத்திருந்தாள். அன்றைக்கு அதுவும் இல்லை. குளிக்கப் போனால் கதவைத் தாழ்போட மனம் வரவில்லை. குக்கர் விசில் அடிக்கும்போது அந்தச் சத்தத்தில் வேறு ஏதாவது கேட்காமல் போய்விட்டதோ என்று ஓடிப்போய்ப் பார்ப்பேன். ஒரு எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் இவர் பக்கத்தில் வைத்தேன், வேண்டுமானால் தட்டட்டும் என்று. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, இரண்டையும் கொண்டுபோய்ச் சமையலறையிலேயே வைத்துவிட்டார்.

சாயங்காலம் லேப்டாப்பை மூடினார். எழுதிக் காட்டுவதற்காக வீட்டில் ஒரு சிறிய வெள்ளைப் பலகை உண்டு. அதில் எழுதினார்: "நான் வரல. அந்த ஆள்ட்ட போயி எதைக் காட்ட?"

பலகையோடு அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் இவர் போய் உட்கார்ந்தால் என்ன நடக்கும்? ஏழுமலை எதற்குப் பயப்படுகிறாரோ, அதை நேரில் கொண்டுபோய்க் காட்டிய மாதிரி ஆகும். போகாவிட்டால்? அவர் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். முகம் தெரியாத ஒரு கண்டக்டரை நினைத்து நான் சரியாகத் தூங்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் குழுவில் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது. சத்தத்தை லேப்டாப்பின் ஸ்பீக்கருக்கு அனுப்பாமல், இணைக்கவே இணைக்காத ஏதோ ஒரு டி.வி.க்கு அது அனுப்பிக்கொண்டிருந்ததாம். செட்டிங்கில் எங்கே போய் மாற்ற வேண்டும் என்று வேளச்சேரிக்காரர் படிப்படியாகச் சொன்னார். மாற்றினேன். இவர் அவசரமாக ஒரு வரி தட்டினார்.

"லெட்டர்... லெட்டர்... லெட்டர்..." என்றது லேப்டாப். ஆங்கிலக் குரலில்.

சத்தம் வந்துவிட்டது, தமிழ் வரவில்லை. எந்தத் தமிழ் எழுத்தைக் கொடுத்தாலும் 'லெட்டர்' என்கிறது. இவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. மௌனமாக இருந்ததைவிட இது மோசம்.

மறுபடி படம் எடுத்துப் போட்டேன். இந்தத் தடவை அன்வர் என்று ஒருவர் எழுதினார். படம் போடாதீர்கள், திரையில் என்ன வருகிறதோ அதை டைப் செய்து போடுங்கள் என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஏன், படத்தில் தெளிவாகத்தானே இருக்கிறது? அதையே எழுதினேன். உங்கள் நம்பருக்குக் கூப்பிடலாமா என்று கேட்டார்.

கூப்பிட்டார். சைதாப்பேட்டைக்காரர், ஒரு வங்கியில் வேலை. மதிய சாப்பாட்டு நேரத்தில் பேசினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். எனக்கு கண்ணு தெரியாது. நீங்க போட்டோ போட்டா எனக்கு 'இமேஜ்'னு மட்டும்தான் படிச்சுக் காட்டும்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் அதற்காகக் காத்திருக்கவில்லை. வேலை, மெயில், பேப்பர் எல்லாமே கம்ப்யூட்டர் படித்துக் காட்டித்தான் தனக்குத் தெரியும் என்றார். அதனால் இந்தக் குரல்களெல்லாம் அவருக்கு நல்ல பழக்கமாம். போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்கச் சொன்னார். என் கணவரை ஏதாவது தட்டச் சொன்னார். இரண்டு 'லெட்டர்' கேட்டதுமே போதும் என்றார்.

"பழைய தமிழ்க் குரலு புதுசுக்கு ஒத்துவரலன்னு அப்டேட் அதைத் தூக்கிக் கடாசிடுச்சு. சாருது ஆம்பள குரல்தானே? கொஞ்சம் மூக்கால பேசுமே, அதுவா?"

அதுவேதான் என்றேன்.

"அதேதான் நானும் வெச்சிருக்கேன். காலைல இருந்து என் காதுல பேசிக்கினே இருக்கும். புதுசுல ஓடுற மாதிரி சரி பண்ணி வெச்சிருக்கேன். அனுப்புறேன்."

பேங்கில் இருந்து வீடு திரும்பியதும் அனுப்பினார். அதை எங்கே வைக்க வேண்டும், என்ன கட்டளை தட்ட வேண்டும் என்று போனில் ஒவ்வொன்றாகச் சொன்னார். எழுத்து மட்டும் வரும் அந்தக் கறுப்புத் திரையில் நான் தட்டுவேன். தட்டியதைச் சத்தமாகப் படித்துக் காட்டுவேன். ஓர் இடத்தில் ஒரு இடைவெளி விட்டுப்போயிற்று. நான் படித்த விதத்திலேயே அதைக் கண்டுபிடித்துத் திருத்தச் சொன்னார். இவர் நாற்காலியின் பின்னால் வந்து நின்றிருந்தார்.

எல்லாம் முடிந்து இவர் ஒரு வரி தட்டினார். கிர்ர்ரென்று ஏதோ ஒன்று ஓடி முடிந்தது. கொத்துக் கொத்தாகச் சத்தம், ஒரு வார்த்தையும் புரியவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. போனில் அன்வர் சிரித்தார். பயப்படாதீர்கள், அது என் வேகம், கேட்டுக் கேட்டு எனக்கு அப்படிப் பழகிவிட்டது என்றார். வேகத்தைக் குறைக்க ஓர் எண்ணைச் சொன்னார். மாற்றினேன்.

"ஏளா, அழாத. அவருக்கு நன்றி சொல்லு" என்றது என் கணவரின் குரல்.

நானா சொல்ல வேண்டும்? லேப்டாப்பை அவர் பக்கமே நகர்த்தினேன். அவரே சொன்னார். அன்வர் பதிலுக்கு ஏதோ சொல்ல, இவர் ஏதோ தட்ட, ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டுத்தான் இரண்டு பேரும் வைத்தார்கள். போனில் புதிதாக ஒருவரோடு இவர் இவ்வளவு நேரம் பேசி நான் பார்த்து எத்தனையோ நாள் ஆயிற்று.

வெள்ளிக்கிழமை போனோம். ஏழுமலை கட்டிலின் ஓரத்தில், இப்போதே எழுந்து போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். பை தயாராகக் கட்டிலின் மேல் இருந்தது. பக்கத்தில் அவர் மனைவியும் ஸ்பீச் தெரபிஸ்டும். இவர் லேப்டாப்பைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எம் பேரு சண்முகம். பட்டுச்சேலை வித்தவன். மூணு வருசமா இப்படித்தான் பேசுதேன்."

ஏழுமலை லேப்டாப்பைப் பார்த்தார். இவர் வாயைப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார். அவர் குரல் ஏற்கெனவே பாதி போய், கரகரவென்றுதான் வந்தது. "இது ரிப்பேராப் பூட்ச்சினா இன்னா சார் பண்ணுவீங்க?"

நான் எந்தக் கேள்விக்குப் பயந்தேனோ, அதே கேள்வி. ரிப்பேரெல்லாம் ஆகாது என்று இவர் சொல்லிவிட வேண்டுமே என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். இவர் நிதானமாகத் தட்டினார். நீளமாகத் தட்டினார்.

"போச்சு. முந்தாநேத்து காலைல போச்சு. நேத்து சாயங்காலம் வரைக்கும் நான் ஊமையாத்தான் கெடந்தேன். இங்க வரப்படாதுன்னுகூட நெனச்சேன்."

தெரபிஸ்ட் என்னைப் பார்த்தார். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். ஆனால் ஏழுமலை கட்டிலில் நன்றாகப் பின்னால் தள்ளி உட்கார்ந்தார்.

"அப்பால?"

"முன்னப்பின்ன தெரியாத ஆளுக சேந்து சரிபண்ணிக் குடுத்தாங்க. அதுல ஒருத்தருக்குக் கண்ணு தெரியாது. காதால கேட்டே கண்டுபிடிச்சாரு."

ஏழுமலை லேப்டாப்பை எட்டிப் பார்த்தார். பிறகு, கோபம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். வாழ்க்கை முழுவதும் படிக்கட்டில் தொங்குகிறவர்களை அதட்டியவர் அல்லவா?

"கத்த முடியாது. நான் தட்டி முடிக்கதுக்குள்ள இவ அடுப்படிக்குப் போயிருதா."

முதலில் சிரித்தது ஏழுமலையின் மனைவி. அப்புறம் அவர். பிறகு இரண்டு பேரும் நிறைய பேசினார்கள்: வலி, சாப்பாடு, குளிக்கும்போது கழுத்தில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்வது. நடுவில் அந்த அம்மாள் எழுந்து, கட்டில் மேல் இருந்த பையை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். ஏழுமலை தடுக்கவில்லை.

திங்கட்கிழமை ஆபரேஷன் நடந்தது. தேறிவருகிறார். அவருக்கு ஒரு லேப்டாப் ஏற்பாடு செய்வது பற்றி இப்போது குழுவில் பெரிய விவாதம். எந்த வகை லினக்ஸ் போடுவது என்று வழக்கம்போலச் சண்டை.

நான் யோசித்துப் பார்க்கிறேன். எல்லாம் நன்றாக இருக்கும் என்று எத்தனையோ பேர் அந்த மனிதரிடம் சொன்னார்கள். ஒருவர் மட்டும்தான் சரியில்லாததையும் சொன்னார். பயந்துபோயிருக்கிற ஒருவருக்கு நம்பிக்கை எதில் இருந்து வருகிறது என்று நமக்கென்ன தெரிகிறது?

அந்த வெள்ளிக்கிழமை ஆட்டோவில் திரும்பினோம். இவர் லேப்டாப்பை மூடவே இல்லை. மடியில் வைத்துக்கொண்டு, எந்தச் சந்தில் திரும்ப வேண்டும் என்று வழி சொல்லிக்கொண்டே வந்தார். இரண்டு திருப்பம் திரும்பிய டிரைவர், சிக்னலில் நின்றபோது கண்ணாடியில் பார்த்தார். "இன்னா சார், உங்க மேப்பு திருநெல்வேலி பாஷை பேசுது?"

இவர் தட்டினார். "மேப் இல்லப்பா. நான்தான் பேசுதேன்."