பக்கத்துத் தோட்டத்துச் செல்போன்

சின்னப்பராஜ் எந்தக் கம்பியையும் லேசில் நம்ப மாட்டார். மனிதரை அதைவிடக் குறைவாக நம்புவார். அனுமந்தன்பட்டிக்காரர். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, மின்கம்பத்துக்குக் குழி வெட்டும் கூலியாக வந்து, லைன்மேனாகி இருபத்தாறு வருடம். மாதா கோயில் சப்பரத்துக்கு சீரியல் லைட் போட்டபோதுகூட, "இந்தக் கரண்டு எங்கன எடுத்தீக சாமி?" என்று பங்குச் சாமியாரையே நிறுத்திக் கேட்டவர்.

ஓடைப்பட்டிக்கு மேற்கே திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் நிற்கும் டிரான்ஸ்பார்மர் அவர் பொறுப்பு. ஒன்பது மோட்டார் அதில் ஓடுகிறது. மாசியில் அது எரிந்துபோனது. கழற்றிப் பார்த்தால், ஒற்றைக் கம்பி இருக்க வேண்டிய பீஸ் கட்டையில் இரட்டைக் கம்பி. முறுக்கிப் போட்டவர் சின்னப்பராஜ்தான். பீஸ் அடிக்கடி போகிறது, கொடி வாடுகிறது என்று தோட்டக்காரர்கள் கெஞ்சியதில் மனசு இளகிச் செய்த வேலை. பாரம் கூடினால் ஒற்றைக் கம்பி உருகி டிரான்ஸ்பார்மரைக் காப்பாற்றும். இரட்டை உருகாது, டிரான்ஸ்பார்மர்தான் வேகும்.

"இன்னொரு தடவை எரிஞ்சா சஸ்பெண்டுதான். என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்று உதவிப் பொறியாளர் சொர்ணலதா சொல்லிவிட்டார். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

புது டிரான்ஸ்பார்மர் வந்தது. ஒற்றைக் கம்பிதான் போட்டார். மூன்று நாளில் மூன்று தடவை பீஸ் போனது. மூன்று தடவையும் காலை ஒன்பது மணிக்கு, மோட்டாருக்கான மூணு பேஸ் கரண்டு வந்த அதே நொடியில். தோட்டக்காரர்கள் மறுபடி ஆரம்பித்தார்கள்: "ரெட்டையாப் போட்டு விடுங்கண்ணே." அவருடைய கருவிப் பையின் அடியில் தடித்த கம்பிச் சுருள் ஒன்று கிடக்கத்தான் செய்தது. அவர் அதைத் தொடவில்லை.

யாரோ லைனில் கொக்கி போட்டுக் கரண்டு திருடுகிறான் என்று முடிவு கட்டினார். சந்தேகம் ராஜமணி மேல் விழுந்தது. தேனி பஜாரில் இரும்புக்கடை வைத்திருப்பவர், போன வருடம்தான் இங்கே தோட்டம் வாங்கினார்.

மறுநாள் எட்டரைக்கே ராஜமணியின் பந்தலுக்குள் புகுந்து, கொத்துக் கொத்தாய்த் தொங்கும் பச்சைக் காய்களுக்கு நடுவே குனிந்து உட்கார்ந்துகொண்டார். கொக்கி எதுவும் கண்ணில் படவில்லை. மோட்டார் அறை எல்லாம் பூட்டிக் கிடந்தது. ஆள் நடமாட்டமே இல்லை. பக்கத்துத் தோட்டத்துச் சங்கிலியம்மாள் மட்டும், தன் மோட்டாரைப் போட வந்தவள், வரப்பிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன லைன்மேனண்ணே, பழம் பறிக்க வந்தீகளா? இன்னும் பழுக்கலயே."

"சத்தம் போடாத ஆத்தா. களவாணிய பிடிக்க வந்திருக்கேன்."

"ஒம்போது மணிக்கு இங்கன களவாணி கூட வரமாட்டானே. என்னயத் தவிர யாரு வாராக?"

மணி ஒன்பது. பூட்டிய எட்டு அறைகளுக்குள்ளும் எட்டு மோட்டார் ஒரே மூச்சில் உறுமின. டிரான்ஸ்பார்மர் ஒரு முறை முனகியது. பட்டென்று பீஸ் போனது. சங்கிலியம்மாள் ஸ்டார்ட்டர் பக்கம் கையைக்கூடக் கொண்டுபோகவில்லை.

"தினம் இதே கதைதான். எனக்குத்தான் சொட்டுத் தண்ணி இல்ல" என்றாள்.

அதற்குள் சின்னப்பராஜின் செல் அடித்தது. ராஜமணி.

"அண்ணே, பீஸ் போயிருச்சு போல."

"அங்கன தேனியில உக்காந்துக்கிட்டு இங்கன பீஸ் போனது உமக்கு எப்படித் தெரியும் மொதலாளி? யாரு சொன்னாக?"

"மோட்டாரே சொல்லுச்சுண்ணே. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ள சிம் இருக்குல்ல, மெசேஜ் வரும். கரண்டு வந்ததும் தானா ஓடுற மாதிரி வச்சிருக்கேன். எல்லாரும் அப்படித்தான வச்சிருக்காக."

சின்னப்பராஜுக்கு அப்போதுதான் விளங்கியது. முன்பு கரண்டு வந்தால் ஒருத்தன் டீ குடித்துவிட்டு வருவான், ஒருத்தன் மாட்டை மாற்றிக் கட்டிவிட்டு வருவான். அரைமணி நேரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக மோட்டார் லைனில் ஏறும். ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு கரண்டைக் கிளம்பும்போது இழுக்கும் சாமான் அது. இன்று எல்லாம் ஒரே நொடியில் கிளம்பினால் எந்த டிரான்ஸ்பார்மர் தாங்கும்?

ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேரையும் கூட்டினார். ஆளுக்கு மூன்று நிமிடம் தள்ளித் தள்ளி செல்லில் நேரம் வைக்கச் சொன்னார். எல்லோரும் அவர் கண் முன்னாலேயே வைத்தார்கள். திங்கட்கிழமை ஒன்பது மணிக்குப் பீஸ் போனது.

எல்லோரையும் மறுபடி டிரான்ஸ்பார்மரடியில் கூட்டி, "எவன்டா மாத்துனது?" என்று கத்தினார். எட்டுப் பேரும் ஒன்பதுக்கே மாற்றியிருந்தார்கள். அதில் அவருடைய மச்சினன் சேவியரும் ஒருத்தன்.

"நீயுமாடா?"

"மாமா, எல்லா போர்வெல்லும் ஒரே ஊத்துலதான் உறிஞ்சுது. மொதல்ல ஓட்டுறவனுக்குத் தண்ணி, கடைசி ஆளுக்குக் காத்து. ராஜமணி எப்படியும் மாத்துவாருன்னுதான் நான் மாத்துனேன்."

"நீ மாத்துவேன்னுதான்யா நான் மாத்துனேன்!" என்றார் ராஜமணி.

சங்கிலியம்மாள் சிரித்தாள். "எங்க ஊருப் பங்குக் கிணத்துல அவனவன் மடைய அவனவன் தெறக்கக் கூடாது. பாஞ்சு முடிச்சவன்தான் அடுத்தவனுக்குத் தெறந்து விடணும். தன் மடையில தானே கைய வச்சா வாரக்கணக்கா தண்ணி மொற கெடயாது. ஒங்க பெட்டியில அப்படிப் பண்ண முடியாதா?"

முடியும் என்று தெரிந்தது. பெட்டிக்குள் எந்த நம்பரைப் பதிகிறோமோ அதிலிருந்து மிஸ்டு கால் வந்தால்தான் மோட்டார் ஓடும். தானாக ஓடுவதை நிறுத்தினார்கள். ஒவ்வொருவன் பெட்டியிலும் பக்கத்துத் தோட்டத்துக்காரன் நம்பரைப் பதிந்தார்கள். பெட்டியில் நம்பரை மாற்றத் தேவையான ரகசிய எண்களை சின்னப்பராஜ் தன் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார்; யாருக்கும் காட்டவில்லை. கையால் போடுவது சங்கிலியம்மாள் மோட்டார் மட்டும்தான், அதனால் முதலில் அவள். முதல் வாரம், அவள் பட்டன் செல்லில் கூப்பிட்டால்தான் ராஜமணிக்குத் தண்ணீர். வாரத்துக்கு ஒருமுறை சின்னப்பராஜ் நம்பர்களை மாற்றிப் பதிவார், கடைசி ஆளும் மாறும்.

"என் மோட்டாரு இவனுக கையிலயா?" என்று எல்லோரும் முணுமுணுத்தார்கள். ஆனால் தன் கையிலும் ஒருத்தன் மோட்டார் இருக்கிறதே என்ற தெம்பில் ஒத்துக்கொண்டார்கள்.

மறுநாள் டிரான்ஸ்பார்மருக்குக் கீழே நின்று சின்னப்பராஜ் காதைத் தீட்டினார். சங்கிலியம்மாள் மோட்டார் ஏறியது. கொஞ்சம் பொறுத்து ராஜமணியுடையது. மூன்று, நான்கு. ஏழாவதற்குப் பிறகு நீண்ட அமைதி. "ஏலே, எவன்டா ஏமாத்துறது?" என்று சேவியருக்குப் போன் அடிக்கப் போனார். எட்டாவது ஏறியது. ஒன்பதாவதும் ஏறியது. பீஸ் போகாமல் நின்றது.

பத்து நாள் நின்றது. பதினோராவது நாள், பையின் அடியிலிருந்த தடித்த கம்பிச் சுருளை எடுத்து சங்கிலியம்மாளிடம் கொடுத்தார்.

"பந்தல் கட்ட வச்சுக்க ஆத்தா. எங்கிட்ட இருந்தா என்னைக்காவது ரெட்டையாப் போட கை நீளும்."

மறுநாள் வேலை மெனக்கெட்டு அந்தப் பக்கம் வந்து, கம்பி முழுசும் பந்தலில்தான் இருக்கிறதா என்று ஒவ்வொரு சுற்றாக எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார்.