அளவு ஜாக்கெட்

நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். கெஞ்சி நம்பவைக்கிற ஆள் நான் இல்லை. என் பெயர் தேவிப்ரியா. சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். இது என் கடையில், பட்டப்பகலில், மதியம் மூன்று மணிக்கு நடந்தது. வெளியே கள்ளக்குறிச்சி பஸ்ஸுக்குக் கூவிக் கூவி ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று எவன் சொன்னானோ, அவன் வாயில் மண்ணைத்தான் போட வேண்டும்.

ஆவணியில் தைலம்மாள் என்ற அம்மா வந்தார். சின்னசேலம் பக்கம் ஒரு கிராமம். நிலபுலன், மாடி வீடு, கழுத்து நிறைய நகை. மகன் சின்னராசுவுக்குக் கல்யாணம். பெண் வெள்ளிமலை, பெயர் கவியா. இவ்வளவு வசதியை வைத்துக்கொண்டு ஏன் மலை ஏறிப் போய்ப் பெண் எடுக்கிறார்கள் என்று ஒரு நொடி தோன்றியது. நமக்கென்ன என்று விட்டுவிட்டேன்.

எங்கள் பக்கம் கூரைப்புடவையும் அதற்கு ஜாக்கெட் தைப்பதும் மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு. அரக்குப் பட்டு, கழுத்திலும் கையிலும் ஆரி வேலை, முதுகுப் பக்கம் கொக்கி. எல்லாம் அந்த அம்மாவே சொன்னார்.

"பொண்ண ஒரு தபா கூட்டிக்கினு வாங்கம்மா. அளவு எடுக்கணும்."

"மலையிலேந்து எறங்கி வந்து போறதுக்குள்ள பொழுது பூடும். அளவு ஜாக்கெட் கொண்டாந்துகிறேன். இத வெச்சி தெச்சிடு."

பையிலிருந்து ஒரு பச்சை ஜாக்கெட்டை எடுத்து மேஜையில் போட்டார்.

இது வழக்கம்தான். ஆள் வர முடியாவிட்டால் அவள் ஜாக்கெட் வரும். எத்தனையோ கல்யாணத்துக்கு அப்படித் தைத்துக் கொடுத்திருக்கிறேன். ஆனால் இதைப் பிரித்ததும் என் கை நின்றது. முதுகில், கழுத்திலிருந்து இடுப்புவரை, ஒரே நேராக வெட்டியிருந்தது. பிறகு யாரோ கறுப்பு நூலால் கையாலேயே தைத்து மூடியிருந்தார்கள். முன்பக்கம் கொக்கிகள் வரிசையாக நன்றாகவே இருந்தன. கொக்கியைக் கழற்றினால் கையோடு வந்துவிடும் ஜாக்கெட்டை யாராவது முதுகில் வெட்டுவார்களா?

"இன்னாம்மா இது?"

"எலி கடிச்சிடுச்சி" என்றார். முகத்தில் ஒன்றுமே இல்லை.

எலி ஸ்கேல் வைத்தா கடிக்கும்? கேட்கவில்லை. அளவு மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து அந்த அரக்கு ஜாக்கெட் என் உயிரை வாங்கியது. சாயங்காலம் சரியாக வைத்துவிட்டுப் போன கழுத்து காலையில் அரை இஞ்சு குறைந்திருக்கும். ஆரி வேலை துணியை இழுத்துவிட்டது என்று நினைத்துப் பிரித்துத் தைத்தேன். மறுநாளும் குறைந்தது. என் கை அளவு தப்பாது சார். ஊரில் கேட்டுப் பாருங்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது கவியா போட்டுப் பார்க்க வந்தாள். அண்ணன் பாண்டியன் பைக்கில் கூட்டிவந்து விட்டுவிட்டு எதிரே டீ குடிக்கப் போனான். சிரித்த முகம். கல்யாணத்துக்கு முன்னாலேயே மாப்பிள்ளை போன் செய்தால் எடுத்துப் பேசலாமா என்று என்னையே கேட்கிற அளவுக்குக் கபடம் இல்லாத பெண். பச்சை ஜாக்கெட்டைக் காட்டினேன்.

"இது என்னுது இல்லீங்கக்கா. நான் ஒண்ணும் குடுத்து வுடலீங்களே" என்றாள்.

உடனே தைலம்மாளுக்குப் போன் போட்டேன்.

"வூட்ல கெடந்துச்சி. ரெண்டும் ஒரே ஒடம்புதான். தெய்யி" என்று வைத்துவிட்டார்.

ரெண்டும் என்றால்? யாரும் யாரும்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சரி, முதலில் போட்டுப் பார்க்கட்டும் என்று அரக்கு ஜாக்கெட்டைக் கொடுத்து உள்ளே அனுப்பினேன். கடை மூலையில் ப்ளைவுட் தடுத்துத் திரை போட்டு, உள்ளே ஒரு கண்ணாடி. ஒருவர் நின்றாலே முட்டும்.

மணி மூன்று. நான் மிஷினில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, பின்னாடி மாட்டி வுடறீங்களா?"

"இரும்மா, வந்துட்டேன்."

நூல் நுழையவில்லை. எச்சில் தொட்டேன். அதற்குள்...

டிக்.

கொக்கி மாட்டுகிற சத்தம்.

டிக்... டிக்...

"மெதுவாக்கா" என்றாள் கவியா உள்ளிருந்து.

என் கையில் ஊசி. என் காலடியில் மிஷின். நான் எழுந்திருக்கவே இல்லை.

டிக்.

"கை இன்னாக்கா இவ்ளோ சில்லுனு இருக்குது?"

ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன்.

"போதுங்கக்கா... கழுத்து... யக்கா..."

டிக்.

திரையைப் பிடுங்கினேன்.

உள்ளே கவியா மட்டும்தான்.

சடையை முன்னால் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். கொக்கி மேலிருந்து கீழ்வரை மாட்டியிருந்தது. முகம் கறுத்துக்கொண்டிருந்தது.

கொக்கியைப் பிடித்தேன். அசையவில்லை.

கத்தரியை எடுத்தேன்.

கழுத்திலிருந்து இடுப்புவரை... ஒரே வெட்டு.

அவள் தரையில் சரிந்தாள். இருமி இருமி மூச்சு வந்தது. தண்ணீர் கொடுத்தேன். மேஜை மேல் இருந்த பச்சை ஜாக்கெட் அந்தத் தடுப்புக்குள், அவள் காலடியில் கிடந்தது.

"ஏங்க்கா அவ்ளோ இறுக்குனீங்க?"

"நான் இல்லடி..."

"கண்ணாடியில பாத்தனே. பின்னாடிதான நின்னீங்க. பச்ச ஜாக்கெட் போட்டுக்கினு."

நான் அன்று போட்டிருந்தது நீல நிறச் சுடிதார். அவளும் அப்போதுதான் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இந்தக் கல்யாணம் வேணாம்டி. மனசுக்குச் சரியாப் படல" என்றேன். என் வாயில் அப்படித்தான் வந்தது.

என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பத்திரிக குடுத்தாச்சுக்கா. அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க. எங்கப்பாரு தாங்க மாட்டாரு."

சொல்லவில்லை. அவள் உடம்பிலேயே டேப் வைத்து அளந்து, புதுப் பட்டில், அதே ஆரி வேலையோடு, முன்பக்கம் கொக்கி வைத்து, கழுத்தைத் தளர்த்தி வேறொன்று தைத்துக் கொடுத்தேன். பச்சை ஜாக்கெட்டைத் தைலம்மாள் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். வெட்டின அரக்கு ஜாக்கெட் மட்டும் என் மேஜை டிராயரில் கிடந்தது.

கல்யாணப் போட்டோ போனில் அனுப்பினாள். அழகாக இருந்தாள். எல்லாப் போட்டோவிலும் அவள் கை ஒன்று கழுத்தில் இருந்தது.

தை பிறந்ததும் ஆண்டாள் அக்கா துணி தைக்க வந்தார். ஆஸ்பத்திரியில் பிணவறை வேலை பார்ப்பவர். நான் பொத்தான் தேடி டிராயரைத் திறந்தபோது அந்த அரக்கு ஜாக்கெட்டைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இன்னாடி இது, பொணத்துக்கு வெட்டுற மாதிரி வெட்டி வெச்சிகிற?"

"அப்படின்னா?"

"ஒடம்பு வெறச்சிப்போனா கை மடங்காதுடி. கொக்கிய கழட்டி இன்னா பிரயோசனம்? முதுகுல நேரா வெட்டித்தான் எடுப்போம்."

பச்சை ஜாக்கெட்டைப் பற்றிச் சொன்னேன். தைலம்மாள் பெயரையும் சொன்னேன். அக்கா டிராயரைத் தள்ளி மூடினார்.

"அது நான் வெட்டினது. அவங்க மொத மருமவ. அபிநயா. வயித்து வலி, தூக்கு மாட்டிக்கினான்னாங்க. துணிய வேணாம்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. அந்தம்மா மட்டும் கேட்டு வாங்கிக்கினு போச்சி."

கவியாவுக்குப் போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப். பாண்டியனுக்குப் போட்டேன். மலையில் சிக்னல் இல்லை. மறுபடி போட்டேன். மறுபடி மறுபடி போட்டேன். கடைசிவரை யாரும் கிடைக்கவில்லை.

அந்தக் குளிர்ந்த கை அவளைக் கொல்ல வந்ததா... இல்லை, போகாதே என்று கழுத்தைப் பிடித்துத் தடுத்ததா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

மாசியில் தைலம்மாள் மறுபடியும் கடை ஏறி வந்தார். அதே பை. அதே நகை.

"உன் தையலு நல்லா இருந்திச்சி. பையனுக்குத் தருமபுரி பக்கம் எடம் பாத்துகிறோம்."

"கவியா எங்க?"

"அவ விதி அவ்ளோதான். பூட்டா" என்றார், பஸ் போய்விட்டது என்று சொல்கிற மாதிரி. பைக்குள் கை விட்டார். "நல்ல பட்டு. வீணா போவ வேணாம்னு தெச்சி வெச்சேன். இதான் அளவு. எல்லாம் ஒரே ஒடம்புதான்."

மேஜையில் விழுந்தது என் ஆரி வேலை. நான் முன்பக்கம் வைத்த கொக்கிகள் ஒன்றுகூட அறவில்லை.

திருப்பிப் பார்த்தேன்.

கழுத்திலிருந்து இடுப்புவரை, ஒரே நேராக... கறுப்பு நூல்.

வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டி வெளியே துரத்தினேன். அந்த அம்மா கோபப்படவே இல்லை. ஜாக்கெட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"ஊர்ல நீ ஒருத்திதான் டெய்லரா?"

யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். எந்தக் கடையில் அந்தத் துணி இப்போது இருக்கிறதோ தெரியாது. உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஜாக்கெட் தைத்து வந்தால், போட்டுப் பார்க்கும்போது கழுத்து இறுக்கினால், தையல்காரியைத் திட்டாதீர்கள். அளவு ஜாக்கெட் யாருடையது என்று கேளுங்கள்.