கரவாங்கன் மலையின் வடக்குச் சரிவு

ஸ்லோவேனியாவுக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடுவில் கரவாங்கன் என்றொரு மலைத்தொடர் இருக்கிறது. அதன் முகடுதான் எல்லை. அதைக் களவாகக் கடந்த என் தம்பி, போன மாரியில் வடக்குச் சரிவின் ஊசியிலைக் காட்டுக்குள் குளிரில் விறைத்து இறந்துபோனான்.

அவனோடு நடந்து உயிர் தப்பிய சுதன், கோடையில் அந்த இடத்துக்குத் திரும்பவும் போய் எங்களுக்கு வீடியோ கோல் எடுத்தான். கனடாவில், எங்கள் அஜின்கோர்ட் வீட்டுக் குசினியில் அம்மாவும் நானும் போனில் தெரிந்த மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இந்த மரத்தடியிலதான் அம்மா இருந்தவன். காலைத் தூக்கேலாமப் போச்சு. நான் உதவி தேடி ஓடினனான். பனிப்புகாருக்குள்ள வழி தெரியேல்லை."

"கிட்டடியில ஒரு வீடுகூட இல்லையோ தம்பி?" என்று அம்மா கேட்டார்.

அந்த நேரம் போன் ஒருகணம் திரும்பியது. மரங்களுக்குக் கீழே, கூப்பிடு தூரத்தில், வீட்டுக் கூரைகள் தெரிந்தன. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சுதன் சட்டென்று போனை மேலே திருப்பினான்.

"இல்லை அம்மா. ஒரே காடுதான்."

"அப்ப ஆரும் ஒண்டும் செய்திருக்கேலாது," என்றார் அம்மா. மாதக்கணக்காகக் கொறித்துக்கொண்டிருந்தவர், அன்றைக்குத்தான் வயிறாறச் சாப்பிட்டார்.

அதுவரை பொய் சொல்பவர்களை எனக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது. அந்தக் கூரைகளைப் பற்றிச் சுதனிடம் நான் இன்றுவரை கேட்கவில்லை. அம்மாவிடம் சொல்லவும் மாட்டேன்.